சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளை

பாராட்டு விழா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். காரணம் ஒரு ராஜ்யசபா எம்.பி. அவருக்கு என் முகம் நினைவிருக்க வாய்ப்பில்லை. எனக்கு அவர் மோதிரம் வரை நினைவிருக்கிறது.

அப்போது நான் சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு கடலூரில் வேலை பார்த்தேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். சுகர் பார்க்க வருகிறவர்கள் காலையிலேயே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் போய் ரத்தம் எடுத்தால்தான் அவர்களுக்கு ஒரு வாய் காப்பி. தாமதத்துக்கு இடமே இல்லாத வேலை. என் கணவருக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மூன்று வயது மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் காலை பாசஞ்சரைப் பிடிப்பேன். அந்த மீட்டர்கேஜ் வண்டியில் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் பீன்ஸ் நறுக்குவோம், மாமியாரைத் திட்டுவோம், தூங்குவோம். எட்டு மணிக்கு நான் லேபில் இருப்பேன்.

அகலப்பாதை போடுகிறோம் என்று அந்த ரயிலை நிறுத்தினார்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. பஸ்ஸில் போனோம். அந்த ரோட்டைப் பற்றி என்ன சொல்ல? ஆலப்பாக்கம் தாண்டினால் பள்ளத்துக்கு நடுவே கொஞ்சம் ரோடு இருக்கும். குடிகாடு பக்கம் ரசாயனத் தொழிற்பேட்டைக்குப் போகும் டேங்கர் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு காலை ஊன்றி, ஒரு காலைத் தொங்கவிட்டு, யாரோ ஒருவரின் டிபன் பாக்ஸ் விலாவில் இடிக்க, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வருவேன். டாக்டர் முதலில் கிண்டல் செய்தார். பிறகு கிண்டலை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரயில் பயணிகள் சங்கம் என்று ஒன்று எங்களுக்கு இருந்தது. செயலாளர் பேங்க்கில் கேஷியர். எல்லாருக்கும் அவர் மாமா. அவர் லோக்சபா எம்.பி.யைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார். எல்லாம் கிணற்றில் போட்ட கல். அப்போதுதான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"கண்டுபுடிச்சிட்டேம்மா. ராஜ்யசபாவுல ஒருத்தரு இருக்காரு பாரு, அவுரு பொண்ணு கட்டுனது இங்க பக்கத்துல சேத்தியாத்தோப்புல. நம்ம ஊரு மாப்பிள்ள!"

லோக்சபா எம்.பி. என்றால் ஒரு தொகுதி உண்டு. ராஜ்யசபா எம்.பி. தமிழ்நாட்டுக்கே உறுப்பினர். எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்றுதானே அர்த்தம்? அதனால்தான் எங்கள் ஆட்கள் அவரைப் பிடிக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ஓட்டுப் போட்டு உறவாக முடியாதவரை மாப்பிள்ளையாக்கி உறவாக்கிக்கொண்டார்கள். அவருடைய மாமனாரை வைத்து மனு கொடுத்தார்கள். அவரும் டெல்லியில் எங்கள் ரயிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். உடனே சிதம்பரம் கீழவீதி முழுக்கப் போஸ்டர்: 'நாடாளுமன்றத்தில் முழங்கினார்!' ரயில் வரவில்லை. பாராட்டு விழா வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் விழா. மாப்பிள்ளை ஆயிற்றே, வெறும் சால்வை போதாதாம். பட்டு வேட்டி, பழம், பூ என்று சீர்த்தட்டு வைக்க வேண்டுமாம். பெண்கள்தான் தட்டு எடுக்க வேண்டும் என்று மாமா சொன்னார். வாரத்தில் ஒரே ஒருநாள் நான் என் மகளுக்குத் தலை பின்னிவிடும் காலை அது. அதை விட்டுவிட்டு ஆப்பிள் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். கை வலித்தது. நாகஸ்வரக்காரர் இரண்டு முறை டீ குடித்துவிட்டார். எம்.பி. வரவில்லை.

வந்ததும் மேடையேறி, மைக்கைப் பிடித்து, அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"மன்னிக்கணும். கடலூர்லேருந்து வர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. என்னங்க இது ரோடு? இடுப்பே போயிடுச்சு."

மண்டபமே உச்சுக் கொட்டியது. "பாவம் மாப்பிள்ள" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல். அந்த ரோட்டில் தினமும் இரண்டு வேளை இடுப்பொடிகிற கூட்டம், ஏ.சி. காரில் ஒருநாள் வந்தவருக்காகப் பரிதாபப்பட்டது. எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. அவர் மேல் பாதி, எங்கள் ஆட்கள் மேல் பாதி.

அவர் பேச்சில் இன்னொன்றும் தெரிந்தது. அவர் சபையில் எழுந்து முழங்கவெல்லாம் இல்லை. எழுத்துமூலமாகக் கேட்டிருக்கிறார், எழுத்துமூலமாகவே பதில் வந்திருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறதாம். அது எங்களுக்குத் தெரியாதா? தண்டவாளம் பிடுங்கிப் போட்ட இடத்தில் ஆடு மேய்வதைப் பஸ் ஜன்னல் வழியாகத் தினம் பார்க்கிறோமே. அதற்கும் கைதட்டினார்கள்.

தட்டைக் கொடுக்க என் முறை வந்தது. கொடுக்காமல் கேட்டேன்.

"சார், ரயிலு எப்ப விடுவாங்க?"

அவர் சிரித்தார். "அதான் கேட்டிருக்கேனேம்மா. மேல வெவரம் வேணும்னா உங்க லோக்சபா எம்.பி.ய கேளுங்க. நான் ஒரு ஊருக்கு மட்டும் மெம்பர் இல்ல பாருங்க. மாநிலத்துக்கே மெம்பர்."

"ஏன் சார், மாநிலத்துல சிதம்பரம் இல்லியா?"

மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. மாமா ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தார். "இன்னாம்மா நீ, வூட்டு மாப்பிள்ளைய நிக்க வெச்சு இப்டியா கேள்வி கேப்பாங்க?"

"பொண்ணு குடுத்தது அவுரு மாமனாரு, மாமா. நான் இன்னா குடுத்தேன்? ஒரு ஓட்டுகூடக் குடுக்கல."

தட்டை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். யாரும் கூட வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் என்னோடு பேசாதவர்கள்தான் ஜாஸ்தி. மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு போய்விட்டால் ரயில் வராதாம். கெட்டுப்போனதற்குக் காரணம் என் வாயாம்.

லோக்சபா எம்.பி. யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவர் எங்கள் தெருவில் வெயிலில் கும்பிட்டுக்கொண்டு நடந்தாக வேண்டும். அன்றைக்கு நாலு கேள்வி கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக் குத்தலாம். இந்த மனிதரை நான் எங்கே போய்க் கேட்பது? கட்சி பேரைச் சொல்கிறது, எம்.எல்.ஏ.க்கள் தலையாட்டுகிறார்கள். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

அந்த ஐப்பசியில் அடைமழை. ஒருநாள் ஆலப்பாக்கம் அருகே பஸ் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். முழங்கால் வரை சேறோடு நான் கிளினிக்குக்குள் நுழைந்தபோது, வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒரு வயதான அம்மா மயங்கி விழுந்திருந்தார்; அவரைப் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் மகன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார்.

"உன்ன நான் குத்தம் சொல்லலம்மா. ஆனா எட்டு மணிக்கு எனக்கு இங்க ஆள் வேணும்."

கடலூரிலேயே வீடு உள்ள ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். நான் சிதம்பரத்தில் ஒரு சின்ன லேபில் சேர்ந்தேன். சம்பளம் பாதி. கற்ற வேலையில் பாதிகூட அங்கே இல்லை. பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவேன். வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

ரயிலும் பிறகு வந்தது. அகலமான, நல்ல ரயில். மாமா வீட்டுக்கே வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி மகளிடம் கொடுத்தேன். எனக்கு இறங்கவில்லை.

இன்னும் கொஞ்ச காலம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உங்க சேத்தியாத்தோப்பு மாப்பிள்ள திரும்பவும் எம்.பி. ஆயிட்டாரு. போட்டியே இல்லியாம். இத்தன வருஷமா சபைக்கே சரியா போகலன்னும் போட்டிருக்கான்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். என் இடத்துக்கு வந்த பெண்கூட வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் ஊசி குத்திக் காட்டித்தான் சேர்ந்தாள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கழுத்து நிறைய மாலையோடு அவர் அதே சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"லேட்டா போனேன்னு என் வேல போச்சு," என்றேன். "போகவே போகாத ஆளுக்கு இன்னும் ஆறு வருஷமா?"

என் கணவர் பேப்பரைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தார். அவரிடம் கேட்டு என்ன பயன்? ஆனால் வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.