கீழ்வீட்டுக்கு இறங்கிய வாடை

நீலப் பிளாஸ்டிக் வாளியிலிருந்து மஞ்சளும் பச்சையுமாய் ஒரு புகை எழுந்ததும், அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஜன்னலத் தெற! அம்மாவக் கூட்டிக்கிட்டு வெளிய போ!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. ஜனக்புரி வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் மதுரைக்குத் திரும்பவிருந்த வாரம் அது. பால்கனி அலமாரியைச் சுத்தம் செய்யும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டிருந்தார். காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்கள், தின்னர், கரப்பான்பூச்சி மருந்து, செத்த பேட்டரிகள் எல்லாம் வரிசையாகத் தரையில் இருந்தன. கழிப்பறை கழுவும் ஆசிட் பாதி பாட்டில் மிச்சம். பிளீச்சிங் திரவம் அரை கேன். இரண்டையும் தண்ணீர் விட்டு ஒரே வாளியில் ஊற்றிச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அப்பா வேதியியல் ஆசிரியர். தில்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வேலைக்காலம் முழுவதும் அதைத்தான் நடத்தினார். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வரும் என்று அவரிடம் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். குளோரின் காற்றைவிடக் கனமானது, அதனால் கீழே இறங்கும் என்பதையும் சொல்லும். எங்கள் கட்டடத்தில் எல்லாக் குளியலறை ஜன்னல்களும் ஒரு குறுகலான இடைவெளியைப் பார்த்துத் திறப்பவை. வாடை அதன் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கியது. அங்கே குளித்துக்கொண்டிருந்த பஞ்சாபி ஆன்ட்டிக்கு ஆஸ்துமா. கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. நிற்காத இருமல். அவர் மகன் அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றியதை நாங்கள் பால்கனியிலிருந்து பார்த்தோம்.

சாயங்காலம் மகன் மட்டும் திரும்பி வந்தார். ஆன்ட்டிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், ஆபத்தில்லை என்றார். மாடிப்படியில் நாலைந்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். சாக்கடையிலிருந்து ஏதோ வாயு வந்திருக்கிறது, புகார் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. ஆன்ட்டியின் மகன் பத்தாம் வகுப்பில் அப்பாவிடம்தான் வேதியியல் டியூஷன் படித்தவர். அவர் எங்கள் வாசலைப் பார்த்து, "மாஸ்டர்ஜி, ஆப் பதாயியே, க்யா தா யே?" என்று கேட்டார். நீங்கள் சொல்லுங்கள், அது என்ன என்று.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், ஏதோ அடுப்பில் இருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "சும்மா இருங்க. சாக்கடைதான்னு சொல்லிருங்க. நாலு நாள்ல போயிருவோம்." அப்பா அப்படியே சொல்லிவிட மாட்டாரா என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மைனே கியா, பேட்டா" என்றார். நான்தான் செய்தேன். பிறகு எதை எதோடு ஊற்றினார் என்பதை, வகுப்பில் சொல்வதுபோல ஒன்றும் விடாமல் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஆன்ட்டியின் மகன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முன்னால் அப்பாவும் அப்பாவுக்காக அவரும் வெட்கப்பட்டதுபோல இருந்தது. ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "தெரியாதவன் செஞ்சா தப்பு. நான் செஞ்சதுக்கு என்னம்மா பேரு?" என்று என்னிடம் கேட்டார்.

ஆன்ட்டி வீடு திரும்பியதும் அப்பா கீழே போனார். நானும் கூடப் போனேன். சோபாவில் சாய்ந்திருந்த ஆன்ட்டி, அவர் வாய் திறப்பதற்குள்ளேயே, "ஹோ ஜாதா ஹை, மாஸ்டர்ஜி" என்றார். நடப்பதுதான். மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மாநகராட்சி இந்த மாதிரிக் கழிவுகளைத் தனியாக வாங்கும் இடம் ஒன்று இருக்கிறது, நாளைக்குக் கொண்டு போகிறோம் என்றேன். ஆன்ட்டி மெதுவாக எழுந்து உள்ளே போய், தன் வீட்டு ஆசிட் பாட்டிலை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினார். "இதையும் கொண்டு போங்க. இதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று ஹிந்தியில் சொன்னார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னார். அப்பாவின் கை எழவில்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஒவ்வொன்றையும் அதனதன் பாட்டிலிலேயே இறுக மூடி, ஆசிட்டைத் தனிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, ஆட்டோவில் அப்பா அதை மடியில் பிடித்துக்கொண்டார். சேகரிப்பு மையத்தில் இருந்த ஊழியர் எது என்ன என்று கேட்டார். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே இருப்பதன் பெயரையும் எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்பதையும் சொன்னார். ஊழியர் வியந்து, "கெமிஸ்ட்ரி டீச்சரா சார் நீங்க?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அப்பா காலிப் பெட்டியை மடக்கிக்கொண்டே, இல்லை என்று தலையாட்டி, "நஹீ" என்றார்.