புண்ணுக்குப் பயந்த நிபுணர்

நான் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, சென்னையிலிருந்து ஒரு புற்றுநோய் நிபுணரை அழைத்து வந்தார்கள். மாணவர்களை அந்தத் துறைக்கு இழுப்பதுதான் நோக்கம். ஒரு மணி நேரம் பேசினார். அதில் முக்கால்வாசி அவர் போய்வந்த வெளிநாடுகள். மிச்சம், அவருடைய ஆஸ்பத்திரியில் புதிதாக இறக்கிய கதிர்வீச்சு மெஷினின் படங்கள். ஒரு நோயாளியைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. "இந்தத் துறைக்கு இதயம் வேணும்" என்று நெஞ்சில் கை வைத்தார். கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டுதான் வைத்தார்.

"யாரெல்லாம் வர்றீங்க?" என்றதும் முன்வரிசை மொத்தமும் கை தூக்கியது. அவர்களின் லட்சணம் எனக்குத் தெரியும். தோல் மருத்துவம் படித்தால் எவ்வளவு சுகம் என்று விடுதியில் தினமும் பேசுகிறவர்கள். நானும் தோல்தான் படிப்பதாக இருந்தேன். பொய்யாகக் கை தூக்கவில்லை, அவ்வளவுதான் என் யோக்கியம்.

மறுநாள் வெள்ளிமலையில், ஒரு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். நிபுணரும் காரில் வந்தார். மதியம்போல ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், சாமைக் காட்டில் வேலை செய்கிறவர். சேலைத் தலைப்பை விலக்குவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. இடது மார்பு முழுக்கப் புண். மேலே மஞ்சளும் ஏதோ பச்சிலையும் அரைத்து அப்பியிருந்தது.

நிபுணர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. இந்த ஜனங்கள் எப்போதும் முற்றிய பிறகுதான் வருவார்கள் என்று எங்களிடம் ஆங்கிலத்தில் சலித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது? சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

"சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா."

"போனா ஆறுமாங்களா?"

நிபுணர் சீட்டை எழுதி, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து நீட்டினார். பிறகு வெளியே மரத்தடியில் குரூப் போட்டோ. முன்வரிசை ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றது.

எங்களோடு வந்திருந்த நர்ஸ் என்னைப் பார்த்தார். "வேடிக்கை பாத்துக்கினு நிக்காதம்மா. கிளவுஸ் போடு."

இருவரும் புண்ணைக் கழுவினோம். பேதிக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரையை நசுக்கிப் புண்மேல் தூவச் சொன்னார். வாடைக்கு அதுதான் மருந்தாம். எந்த முகாமிலும் மருந்துப் பெட்டியில் கிடக்கிற மாத்திரை.

"மூணு மாசமா மாட்டுக் கொட்டாயிலதான் படுத்துக்கினு இருக்கறேன்" என்றார் அந்த அம்மா. "வூட்டுல யாரும் போகச் சொல்லல. நானாத்தான் போயிட்டேன்."

நிபுணர்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த அம்மா உள்ளே வந்ததும் நானும் வாயால்தான் மூச்சு விட்டேன். அந்த நினைப்பு வந்ததும் என்மேலேயே அருவருப்பு.

நான்கு நாள் கழித்து மாத்திரைகளோடு மலையேறி அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாடை அடங்கியிருந்தது. வீட்டுக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பஸ்ஸில் சின்னசேலம் வழியாக சேலத்துக்கு அழைத்துப்போனேன். ஊசி மருந்து, பிறகு கதிர்வீச்சு. புண் காய்ந்தது. இன்னும் இரண்டு சாமை அறுவடை பார்த்தார். அதற்குப் பிறகு நோய் ஈரலுக்குப் பரவி, வீட்டிலேயே இறந்தார்.

நான் புற்றுநோய் சிகிச்சைதான் படித்தேன். "பைத்தியமா உனக்கு? உங்கிட்ட வர்றவங்கல்லாம் செத்துப்போவாங்க" என்றாள், அன்று கை தூக்கிய தோழி ஒருத்தி. இப்போது அவள் கல்யாணப் பெண்களின் முகத்தை வெளுக்க வைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அந்த அம்மாவின் மகள் என்னைத் தேடி வந்தாள். மார்பில் சின்னதாக ஒரு கட்டி. முதலில் வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அந்த மகானுபாவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சாதாரணக் கட்டி என்று முடிவு வந்தது. சொன்னேன்.

முடிவுச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நான் கெளம்பறேங்க" என்றாள். "பஸ்ஸு போயிடும்."