பட்டியல் மறைத்த பாதி

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற எங்கள் கமக்காரர் அமைப்புக் கட்டடத்துச் சுவரில், இடது நெஞ்சை இறுக்கிப் பிடித்தபடி ஒரு மனிதன் நிற்கிற படம் இருக்கிறது. மாரடைப்பைப் பற்றி அரசாங்கம் அச்சடித்தது. சுகாதாரப் பகுதியிலிருந்து வந்த பெண், "அண்ணை, எல்லாரும் பாக்கிற இடமாப் பாத்து ஒட்டிவிடுங்கோ" என்று தந்துவிட்டுப் போனார். எல்லாரும் பார்க்கிற இடம் எங்களுக்கு ஒன்றுதான். எவர் வயலுக்கு எந்த நாள் வாய்க்கால் தண்ணீர் என்கிற முறைப்பட்டியலை நான் ஒட்டும் இடம். அங்கேயே ஒட்டினேன். சில நாளில் புதிய பட்டியல் வந்தபோது அந்த மனிதனை மறைக்க மனம் வரவில்லை. கீழே இருந்த சின்ன எழுத்துகளின் மேல், நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டிவிட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிற எனக்குப் படம் போதும் என்று பட்டது.

அந்தக் கோடைச் சிறுபோகத்தில் அக்காவின் கணவருக்குத் தண்ணீர் முறை வந்த காலை, அவர் வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்தார். வெயில் ஏறவில்லை, ஆனாலும் சேட்டு வியர்வையில் நனைந்திருந்தது.

"என்ன அத்தான், நெஞ்சு நோகுதோ?"

"நெஞ்சுக்கு ஒண்டுமில்லையடாப்பா. தாடையும் இடக்கையும் உளையுது. பல்லுக்குத்தாக்கும்."

"ஒருக்கா ஆசுபத்திரிக்குப் போட்டு வருவமே?"

"பல்லுக்காக ஆரும் முறைத்தண்ணியை விட்டிட்டுப் போவினமே? நீ ஒட்டின படத்து மனுசன் மாதிரி நானென்ன நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டே இருக்கிறன்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தண்ணீரை நான் பார்க்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரை வற்புறுத்திப் பழக்கமில்லை. பல்லுக்கு வைக்க அக்காவிடம் கராம்பு வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் புல்லில் முகம் கவிழ்ந்து கிடந்தார். தண்ணீர் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரை ஏற்றிய ஓட்டோ ஆசுபத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. கராம்பு என் கைக்குள்ளேயே இருந்தது.

போகம் முடிந்து பட்டியலைக் கழற்றிய நாளில்தான் அந்த எழுத்துகளை விரல் வைத்து வாசித்தேன். தாடை. இடது கை. வியர்வை. உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

அக்காவிடம் சொன்னேன். "அவர் வாசிச்சிருந்தாலும் தண்ணியை விட்டிட்டுப் போயிருக்க மாட்டாரடா" என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா? ஒரு நாள் நம்புகிறேன், மறுநாள் முடியவில்லை. ஒட்டச் சொன்ன இடத்தில்தானே ஒட்டினேன் என்றும் தோன்றும். நான் வாசித்திருந்தால் என்றும் தோன்றும். இரண்டு வருடமாக இதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

பட்டியலை இப்போது கதவுப் பக்கம் ஒட்டுகிறேன். படத்து மனிதன் வெயிலில் வெளிறிப்போனான். மூடிக்கிடந்த எழுத்துகள் மட்டும் இன்னும் கறுப்பாகத் தெரிகின்றன.

எழுதியது ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய், அக்காவின் வயலுக்கு முறைநாள். தண்ணீரை நான்தான் பார்க்கிறேன்.