அற்புதம்மாளின் ஞாயிற்றுக்கிழமை இலை

முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை அற்புதம்மாளுடையது. திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் வேலை. சாம்பார் வாளியைத் தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியே போய்விட்டது. பிள்ளைகள் சாப்பிட்டு, சிஸ்டர்கள் சாப்பிட்டு, எல்லோரும் எழுந்து போன பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி அடிச்சட்டியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வதுதான் அவருடைய சாப்பாடு. “என்ன சாப்பிடுறீங்க?” என்று அந்த முப்பது வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை. கட்டிய கணவரும் கேட்டதில்லை. அவருக்கு மோட்சம் கிடைக்கட்டும், அதற்காக உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

வேலையிலிருந்து நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை, பாலக்கரை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்தவருக்குப் பசித்தது. கோயிலுக்கு எதிர்ச் சாரியில் ஒரு ஓட்டல். என்ன தோன்றியதோ, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். சப்ளையர் வந்து இலையைப் போட்டுத் தண்ணீர் வைத்து, “என்ன சாப்பிடுறீங்கம்மா?” என்றார். அற்புதம்மாள் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். “என்ன இருக்கு?” என்று கேட்டுவைத்தார். அவர் பொங்கலில் ஆரம்பித்து ரவா தோசை வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்றிருந்தது அற்புதம்மாளுக்கு. அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அந்த ஓட்டல்தான்.

அவர் இருப்பது காட்டூரில், மகள் ஆன்சியின் வீட்டில். ஆன்சி நல்ல பெண்தான், ஆனால் கணக்குப் பார்க்கிற பெண்.

“ஏம்மா, நீ அங்க குடுக்கிற காசுக்கு வீட்டுல மூணு நாளைக்கு மாவு அரைச்சிரலாம். ஒத்தப் பொம்பளையா போயி ஓட்டல்ல உக்காந்து சாப்பிடுறியேன்னு பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?”

“பசிக்குதுன்னு நெனைப்பாங்க” என்பார் அற்புதம்மாள்.

விலைவாசி மட்டும் ஆன்சியின் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஓட்டல் சுவரிலிருந்த விலைப்பலகையில் பழைய எண்ணுக்கு மேல் புது எண்ணை ஒட்டினார்கள். அதற்கு மேல் இன்னொன்றை ஒட்டினார்கள். ஒட்டி ஒட்டிப் பலகையே புடைத்துக்கொண்டது. கேட்டால் சிலிண்டர் விலை என்றார்கள், எண்ணெய் விலை என்றார்கள். கூலி ஏறிவிட்டது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அற்புதம்மாளின் பென்ஷனோ சொற்பம். அது ஏறாது, இறங்காது, போட்ட இடத்தில் கிடக்கும்.

ஆகவே இலையில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. முதலில் வடை போயிற்று. பிறகு மசால் தோசை வெறும் தோசையாயிற்று. பொங்கலும் ஒருநாள் விடைபெற்றது. கடைசியில் இரண்டு இட்லியும் ஒரு காபியும் மிஞ்சின. சப்ளையருக்கு வைக்கும் டிப்ஸை மட்டும் அவர் குறைக்கவே இல்லை. சொல்லப்போனால் கூட்டினார். தான் வாங்கும் அரிசியைத்தானே பரிமாறுகிற ஆளும் வாங்குகிறார், அவருக்கு மட்டும் விலை இறக்கியா கொடுக்கிறார்கள் என்பது அவர் கட்சி. வாளியின் கனம் தெரிந்தவர் அப்படித்தான் பேசுவார்.

நடுவில் மருமகன் பெனடிக்ட் ஒரு யோசனை சொன்னார். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு மெஸ் இருக்கிறதாம், விலை கைக்கு அடக்கமாம். சரி என்று அதையும் போய்ப் பார்த்தார் அற்புதம்மாள். சாப்பாடு அமிர்தம், அதில் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் உட்கார்ந்த உடனே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, இவர் எப்போது ரசத்துக்கு வருவார் என்று இலையையே பார்க்கிறார். அற்புதம்மாள் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். விடுதியில் நின்றுகொண்டு சாப்பிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடுத்த வாரம் பாலக்கரைக்கே திரும்பிவிட்டார்.

போன வருஷம் கோடையில் அவர் மேஜைக்குப் புது ஆள் வந்தார். வீரமலை, உப்பிலியபுரத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆனால் இவர் இலையில் சட்னி தீரும் முன்பே வந்து நிற்பார். நல்ல கை என்று அற்புதம்மாள் மனசுக்குள் சான்றிதழ் கொடுத்திருந்தார்.

இந்த வருஷம் மாசி மாதம் விலைப்பலகையில் மறுபடியும் புது எண் ஏறியது. அன்று அற்புதம்மாள் காபியையும் விட்டுவிட்டு இரண்டு இட்லியோடு எழுந்தார். டிப்ஸ் வைக்கப் பர்ஸைத் திறந்தால் நோட்டு கைக்கு அகப்படவில்லை. துழாவித் துழாவி, செபமாலையை வெளியே எடுத்து, பஸ் டிக்கெட்டுகளை எடுத்து, கடைசியில் நோட்டைக் கண்டுபிடித்து வைத்தார். வீரமலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கிற்று. தவக்காலத்தில் ஒவ்வொருவரும் பிரியமான ஒன்றை விடுவது வழக்கம். இறைச்சியை விடுவார்கள், சீரியலை விடுவார்கள். அற்புதம்மாள் விடுவது ஓட்டலை. டிபன் காசையும் டிப்ஸ் காசையும் சேர்த்து, கோயிலில் கொடுக்கும் அட்டை உண்டியலில் போட்டுவிடுவார். பழைய சப்ளையருக்கு இது தெரியும். புது ஆளிடம் சொல்ல வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கே தவக்காலம் என்று நினைத்துக்கொள்வது அவர் சுபாவம்.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்புடவையும், மகள் பண்டிகைக்கென்று கொடுத்த காசுமாக ஓட்டலுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பழைய ஹாலில் ஒரு நாற்காலி இல்லை. நெஞ்சு உயரத்துக்கு மேஜைகள். ஜனங்கள் டோக்கன் வாங்கித் தாங்களே தட்டைத் தூக்கிவந்து நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள். உட்கார வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவைத் திறந்து ஏசி ஹாலுக்குள் போக வேண்டும். அங்கே விலை வேறு. சுவரில் ஒரு அட்டை: சப்ளையருக்குத் தனியாக டிப்ஸ் தர வேண்டாம், பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் உண்டு.

‘நிக்கிறதுக்கா வந்தேன்?’ என்று முணுமுணுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினார் அற்புதம்மாள்.

உள்ளே வீரமலைதான் இருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே எதையோ நினைத்துச் சுருங்கியது.

“பொங்கல், வடை, நெய் ரோஸ்ட், காபி” என்றார் அற்புதம்மாள், பண்டிகைக் குரலில்.

வீரமலை குனிந்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காமல், “அம்மா, இங்க விலை ஜாஸ்திங்க. ரெண்டு இட்லியே கொண்டாரட்டுங்களா?” என்றார்.

அற்புதம்மாளுக்குச் சுருக்கென்றது. “நான் சொன்னதைக் கொண்டாங்க தம்பி.”

வந்தது. ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ‘ரெண்டு இட்லி’ நெய் ரோஸ்டின் ஒவ்வொரு வாயிலும் கல்லாகத் தட்டுப்பட்டது. காபியைக் குடித்துவிட்டு பில் கேட்டார்.

“குடுத்தாச்சுங்கம்மா.”

“யாரு குடுத்தா?”

வீரமலை தோளிலிருந்த துண்டைத் திருகினார். “வெல ஏறுன அன்னிக்கு நீங்க பர்ஸைத் தேடினீங்க. அதுக்கப்புறம் ஒன்றரை மாசமா வரவே இல்லை. எனக்கு மனசு கேக்கலைங்க. இன்னிக்கு ஒரு நாள் எம்பேர்ல இருக்கட்டும்னு...”

அற்புதம்மாளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தை முன்னால் விட்டு அழுகையைப் பின்னால் தள்ளினார்.

“யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? எனக்கு அது தவக்காலம் தம்பி. சாமிக்காக விட்டிருந்தேன். காசில்லாம விடலை.”

“மாலை போட்டுக்கிற மாதிரிங்களா?” என்றார் வீரமலை திகைத்து. அவர் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போகிறவர்.

“ஆமா. அது மாதிரிதான். மாலை போட்டவனைப் பாத்து, ஐயோ பாவம் செருப்பு வாங்கக்கூட வழியில்லைன்னு ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தா ஒத்துக்குவீங்களா?”

அந்த மனுஷனின் நல்ல மனசு அற்புதம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏழு நாளில் ஒரு நாள், இந்த நாற்காலியில்தான் அவர் காசு கொடுத்துச் சாப்பிடும் மனுஷி. அதையும் இரக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? விறுவிறுவென்று கல்லாவுக்கு நடந்தார். வீரமலையும் பின்னாலேயே வந்தார்.

கல்லாவில் முதலாளி மகன் நவநீதன். ஏசி ஹால், டோக்கன் எல்லாம் அவர் படித்துவிட்டு வந்து செய்த சீர்திருத்தங்கள்.

“என் மேஜைக்கு இவர் குடுத்த காசை இவர்கிட்ட திருப்பிக் குடுங்க. நான் குடுக்கிறேன்.”

“பில்லு முடிஞ்சிருச்சும்மா.”

“முடிஞ்சதைத் தொறங்க.”

நவநீதன் சலித்துக்கொண்டே பில்லை மறுபடி அடித்து நீட்டினார். அற்புதம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அடியில் சர்வீஸ் சார்ஜ் இருந்தது.

“இதை எடுத்துருங்க.”

“அது சப்ளையருங்களுக்குத்தாம்மா போகுது. நீங்க தனியா எதுவும் குடுக்க வேண்டியதில்லை.”

‘உங்களுக்கு வருதா தம்பி?’ என்ற கேள்வி அற்புதம்மாளின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. திரும்பினார். வீரமலையின் முகத்தில் இரத்தமே இல்லை. இல்லை என்று சொன்னால் வேலை போகும், ஆமாம் என்றால் வாய் பொய் சொல்லும். விடுதியில் சிஸ்டருக்கு முன்னால் இப்படி எத்தனை தரம் நின்றிருக்கிறார் அற்புதம்மாள்! கேள்வியை அப்படியே விழுங்கினார்.

“எனக்குப் பரிமாறினவருக்கு நான் என் கையால குடுப்பேன். எனக்காக நீங்க குடுக்க வேணாம். இந்த சார்ஜ் கட்டாயமில்லைன்னு நியூஸ்லயே சொல்லிட்டாங்க. எடுங்க.”

“கட்டுப்படியாகலைன்னா வெளிய டோக்கன்ல சாப்பிடலாமேம்மா. பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க.”

“நிக்கட்டும். நான் முப்பது வருஷம் நின்னவ. எனக்கு அவசரமில்லை.”

பின்னால் நின்றவர்கள் எல்லாம் பூசை முடிந்து வந்த கோயில் ஜனங்கள். நவநீதன் எதிர்பார்த்தது போல அவர்கள் உச்சுக் கொட்டவில்லை. அருள்நாதன் என்று ஒருவர், கோயிலில் காணிக்கை எடுக்கிறவர், தன் பில்லை நீட்டிக்கொண்டு, “அப்ப இதுலயும் எடுத்துருங்க தம்பி” என்றார். வரிசையில் இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் பில்லை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். இதற்கு மேல் பேச்சு வளர்ந்தால் வியாபாரத்துக்கு ஆகாது என்று நவநீதனுக்குப் புரிந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தார். வீரமலையின் காசும் வீரமலையிடம் வந்தது.

அற்புதம்மாள் தன் பில்லுக்குக் காசு கொடுத்தார். பிறகு பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து, கல்லாவுக்கு நேர் எதிரே, எல்லோரும் பார்க்க, வீரமலையிடம் நீட்டினார். வீரமலை சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார், முதலாளி மகனைப் பார்த்தார்.

“வாங்கிக்குங்க தம்பி. தட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறதுக்கு இது திருட்டுக் காசா?”

நவநீதன் வேறு பக்கம் திரும்பி அடுத்த பில்லை வாங்கினார். வீரமலை இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக்கொண்டார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா.”

“நெனைச்சேன். இப்ப இல்லை. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆன்சி தலையில் அடித்துக்கொண்டாள். “அங்க போயி சண்டையா! இனிமே எந்த மூஞ்சியோட அந்த ஓட்டலுக்குப் போவ?”

“இதே மூஞ்சியோடதான்.”

சொன்னபடியே போனார். பண்டிகைக் காசு தீர்ந்திருந்தது, பென்ஷன் வர நாள் இருந்தது, பர்ஸில் இருந்தது கொஞ்சம்தான். ஏசி ஹாலில் இரண்டு இட்லிக்கு ஆகும் காசில் வெளியில் ஒரு முழு டிபன் சாப்பிட்டுவிடலாம். தெரிந்தேதான் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய், நடு மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தார். கல்லாவிலிருந்து நவநீதன் ஒரு பார்வை பார்த்தார். அற்புதம்மாளும் திருப்பிப் பார்த்தார்.

வீரமலை வந்தார். இலையை விரித்தார், தண்ணீர் வைத்தார். இந்தம்மாவின் பர்ஸ் நிலவரம் அவருக்குத் தெரியும், என்ன கேட்பார் என்பதும் தெரியும். போன வாரமாக இருந்தால் கேட்காமலே கொண்டுவந்து வைத்திருப்பார். இன்று நிமிர்ந்து நின்று, ஹால் முழுக்கக் கேட்கிற குரலில், “என்ன சாப்பிடுறீங்கம்மா?” என்றார்.

“என்ன இருக்கு?” என்றார் அற்புதம்மாள்.

வீரமலை பொங்கலில் ஆரம்பித்து ரவா தோசை வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னார். அற்புதம்மாள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு, சற்று யோசித்து, “ரெண்டு இட்லி” என்றார்.