தொப்பூர் இறக்கத்தில் அணைத்த இன்ஜின்

தருமபுரி டாக்ஸி ஸ்டாண்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொப்பூர் கணவாயின் உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிடுவோம். அடிவாரம் வரை வண்டி தானாக உருண்டு போகும். பெட்ரோல் மிச்சம் என்பதெல்லாம் சாக்கு. யார் வண்டி அதிக தூரம் உருண்டது என்கிற வீம்புதான் உண்மை. இன்ஜின் ஓட இறங்குகிறவனைக் கிண்டல் செய்தே ஒரு வழி பண்ணிவிடுவோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓட்டிய முதல் வண்டியைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பிரேக்கை மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அதை விற்றுவிட்டு வாங்கியதும் பழைய வண்டியே. இரண்டும் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் சீமையில் செய்தவை; பத்துப் பன்னிரண்டு வயது வித்தியாசம். இது பட்டனை அழுத்தினால் கிளம்பும், கியர் முனகாமல் விழும். அந்த இடைவெளியில் கார் இன்னும் என்னவெல்லாம் மாறியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நினைக்கவில்லை.

என் மனைவியின் தம்பி மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவனின் முகம் சரியில்லை.

"மாமா, இன்ஜினு காத்த உறிஞ்சுதுங்களே, அந்த வேகந்தான் இதுல பிரேக்கயும் சேத்து அழுத்துது. உங்க காலு பாதி, இன்ஜினு பாதி. இறக்கத்துல அணைச்சுப்புடாதீங்க."

"நீ டவுசர் போடறதுக்கு முந்தியே ஸ்டியரிங் புடிச்சவன்டா நானு," என்றேன்.

ஒரு மாதம் சின்னச் சின்ன இறக்கங்களில் அணைத்துப் பார்த்தேன். மிதி கல் மாதிரி இருந்தது. பழைய வண்டியில் மிதி தொளதொளவென்று இறங்கினால்தான் பயம். கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஸ்டாண்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இன்ஜினின் உதவி போனதால்தான் மிதி அப்படி இறுகியது என்பது பிறகுதான் உறைத்தது.

கடத்தூரிலிருந்து சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போகும் ஐந்து பேர் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் என் பக்கத்தில் மச்சினன், சேலத்தில் சாமான் வாங்க வந்தவன். உச்சியில் என் கை சாவிக்குப் போனது.

"வேண்டாங்க மாமா."

சிரித்துக்கொண்டே அணைத்தேன். பின்னால் யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது வளைவில் மிதித்தேன். வேகம் சரியாகக் குறையவில்லை.

"சாவியப் போட்டு கியர்ல உடுங்க, இன்ஜினு புடிச்சுக்கும்," என்றான், பின்னால் கேட்காதபடி மெதுவாக. அப்போதே போட்டிருக்கலாம். அவனிடம் தோற்க மனம் வரவில்லை.

அடுத்த வளைவில் அச்சு முறிந்த லாரி ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. இரண்டு காலாலும் மிதித்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. வலப்புறம் பள்ளம், இடப்புறம் பாறை. பாறையில் கொண்டுபோய்த் தேய்த்தேன். அவன் உட்கார்ந்திருந்தது இடப்புறம்.

பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "எப்பிடிடா ஆச்சு?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்க்காமலேயே, "பழைய வண்டி, அக்கா. பிரேக்கு புடிக்கல," என்றான்.

நான் இன்ஜினை அணைத்ததை அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

எழுபதுகளில் வேறு வண்டி வாங்கினேன். மச்சினன் கட்டைக்காலைத் தூக்கி உள்ளே வைத்து என் பக்கத்தில் உட்காருவான். வண்டி கிளம்பி ஓடும்போது, சமதரையில்கூட, ஒருமுறையாவது கேட்டுவிடுவான்:

"சாவி போட்டிருக்குதுங்களா மாமா?"

"போட்டிருக்குது."

"ஓடற வண்டியில சாவி இல்லாமயா இருக்கும், லூசு!" என்று என் மனைவி பின்சீட்டிலிருந்து சிரிப்பாள். நானும் அவளோடு சேர்ந்து சிரிப்பேன். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவான்.