மாவு மில்லில் பிரபஞ்சத்தின் நடு

மாவு மில்லுக்கு வருகிறவர்கள் அரைக்கத்தான் வருகிறார்கள். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று கேட்க யாரும் வருவதில்லை. இது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. கடை நடத்துகிறவர்களில் என்னைப்போல வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கேரள எல்லையில், காரக்கோணத்திலிருந்து உள்ளே போகிற சாலையில் என் மில். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மீதியை வாசகசாலையில் இருந்த மலையாள அறிவியல் புத்தகங்களில் நானே படித்துக்கொண்டேன். மனைவி இருந்தவரை அரைக்க வந்த சாமான்களை வரிசைப்படுத்துவது அவள் வேலை. அரிசியும் கோதுமையும் முதலில், மிளகாய் கடைசியில். அவள் போன பிறகு வரிசை என் கைக்கு வந்தது, பேச்சும் கூடிப்போயிற்று.

கல்லின் குழி

மேல்கல்லின் நடுக்குழியில் விழுகிற அரிசி, மாவாகி எல்லாப் பக்கமும் விளிம்புக்கு ஓடும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு எண்ணம். வானத்தில் இருப்பதெல்லாம் விலகி ஓடுகிறது என்றால், அதற்கும் நடுவில் ஒரு குழி இருந்தாக வேண்டுமே? இதைக் கொத்தனார் தங்கையனிடம் விளக்கினேன். அவர் மடியில் கோதுமைப் பையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“எல்லாஞ் செரி அண்ணே. குழியில அரிசி போட்டது யாரு?”

அதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றேன்.

“அப்போ கண்டுபிடிக்கிய வரைக்கும் எனக்க கோதம்ப அரைச்சுத் தாரும். வீட்டில அடுப்பு பத்த வச்சாச்சு.”

நடுவுக்கு வந்த சோதனை

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் டீச்சர் புட்டுக்கு அரிசி கொண்டுவந்தார். அவரையும் நான் விடவில்லை. அவர் சிரிக்காமல் சொன்னார்: “குழி ஒண்ணும் இல்ல மாமா. ஆப்பத்துக்கு மாவு பொங்கும்போ குமிழெல்லாம் ஒண்ணுக்கொண்ணு விலகும் இல்லியா? எந்தக் குமிழில நின்னு பாத்தாலும் மத்ததெல்லாம் தள்ளிப் போற மாதிரிதான் தெரியும். நடுண்ணு தனியா ஒரு இடம் கிடையாது.”

ஊர் முழுக்க நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். காது சுட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்படியானால் இங்கே நின்று பார்த்தால் இந்த மில்தான் நடுவாகத் தெரியும், இல்லையா டீச்சர்?” என்றேன். தெரியும் என்று அவர் தலையாட்டிய நேரத்தில் கரண்டு போயிற்று. காய்ந்த மரச்சீனிக் கிழங்கு பொடிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேரி கேட்டாள்: “நடுவுக்கே கரண்டு இல்லேங்கி, ஓரத்தில கெடக்கியவனுக்க கதி என்ன டீச்சரே?”

முன்னால் என்ன இருந்தது

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகக்கூடிய அவமானம். இனிச் சொல்வது அப்படியல்ல.

என் மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். மிளகாய் அரைத்தால், அடுத்த சாமானைப் போடுவதற்கு முன் பழைய அரிசியை ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்து, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். அன்று ஒரு சமையல்காரருக்கு மிளகாய் அரைத்து முடித்திருந்தேன். அடுத்து, பெஞ்சில் காத்திருந்த எங்கள் ஊர் லதாவின் டின். முதல் சோறூட்டு முடிந்த குழந்தைக்காக, வீட்டு நேந்திர வாழைக் குலையில் வெட்டி, வெயிலில் போட்டு, காக்கை விரட்டி அவள் உலர்த்திய ஏத்தங்காய். நான் தங்கையனிடம், எல்லாம் தொடங்குவதற்கு முன்னால் என்ன இருந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே டினை மெஷினில் கவிழ்த்தேன். அரிசி ஓட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் லதா திரும்பி வந்தாள். கூழ் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கும் முன் தன் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். உதடு சிவந்திருந்தது. குழந்தை இடுப்பில் பசித்து அழுதது. வேறு காய் வாங்கித் தருகிறேன் மக்கா என்றேன். அவள் சத்தம் போடவில்லை. டினை என் முன்னால் வைத்தாள்.

“எல்லாத்துக்கும் முன்ன என்ன இருந்துதுண்ணு தங்கையன் மாமாட்ட கேட்டியளே. எனக்க பிள்ளைக்க ஏத்தங்காய்க்கு முன்ன இந்த மெஷினில என்ன இருந்துதுண்ணு பாத்தியளா?”

மிண்டாத மில்

அதன் பிறகு நான் மிண்டவில்லை, பிரபஞ்சப் பேச்சு நின்றது. மற்றவர்கள் வந்தார்கள், “அரிசி ஓட்டினியளா?” என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் தந்தார்கள். லதா நெய்யாற்றின்கரைக்குப் போய் அரைத்தாள். டினை மடியில் வைத்துக்கொண்டு அவள் போகிற பஸ் என் வாசலைத் தாண்டித்தான் போகும். என்றாவது இறங்கமாட்டாளா என்று பார்ப்பேன்.

ஒரு ஹர்த்தால் நாளில் கடைகள் அடைத்திருந்தன, பஸ் ஓடவில்லை. நான் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். லதா குனிந்து உள்ளே வந்தாள். வேறு வழியில்லாமல்தான் வந்தாள் என்று இருவருக்கும் தெரியும். அன்று மிளகாயே அரைக்கவில்லை. ஆனாலும் அவள் கண்முன்னால் அரிசியை ஓட்டினேன், கொட்டினேன், மறுபடி ஓட்டினேன். பிறகுதான் டினை வாங்கினேன்.

இப்போது பஸ் ஓடுகிற நாளிலும் வருகிறாள். குழந்தை பெஞ்சைப் பிடித்து நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும், டினை மூடுவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கொஞ்சம் காத்திருந்து, என்னைப் பார்க்காமல் சொல்வாள்: “வழக்கமாயிப்போச்சு மாமா. ஒண்ணும் நினைக்கப்பிடாது.”

பிரபஞ்சத்துக்கு நடு கிடையாது என்று டீச்சர் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் அந்தச் சிட்டிகை மாவு லதாவின் நாக்கில் இருக்கிறவரைக்கும் உலகம் முழுக்க அங்கேதான் நிற்கிறது.