அரசி ஜெபம் பண்ணல!

இன்னிக்குக் காலைல காபி கூட முழுசா உள்ள போகல, ஃபேஸ்புக்கத் திறந்தேன்...

திறந்திருக்கவே கூடாது!

எங்க பழைய கம்பெனி ரிட்டயர்டு குரூப்ல ரோஸ்லின் அக்கா ஒரு போட்டோ போட்டிருக்காங்க. எண்பதுகள்ல கேன்டீன் வாசல்ல எடுத்தது. நான், ரோஸ்லின் அக்கா, நடுவுல என் ஃபிரண்டு தமிழரசி.

மேல எழுதியிருக்காங்க: "கடவுளே இல்லைன்னு சொன்ன நம்ம அரசி, சாகறதுக்கு முன்னாடி ஆண்டவரை ஏத்துக்கிட்டா. கண்ணீரோட ஜெபிச்சா. நான் கண்ணால பார்த்த சாட்சி!"

கீழ வரிசையா ஆமென். ஆமென். ஆமென்.

உடம்பெல்லாம் எரியுது எனக்கு.

ஏன்னா அந்த ஆஸ்பத்திரி ரூம்ல அவ பக்கத்துல உக்காந்திருந்தது நான்!

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் செகந்திராபாத் தமிழ்ப் பொண்ணு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகலைன்னா வீட்ல சோறு கிடைக்காது, அப்படிக் குடும்பம். அரசி லால்குடிப் பக்கம். அவங்கப்பா பக்கா நாத்திகர். அவ கல்யாணமே ஐயர் இல்லாம, தாலி இல்லாம, மாலை மாத்தி நடந்தது.

ஹைதராபாத்ல ஒரு கவர்ன்மென்ட் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து டேபிள்ல சால்டரிங் பண்ணோம்.

சாயங்காலம் பஸ் வரலைன்னா, "ஏய் ஸ்டெல்லா, உங்க ஆளுகிட்ட சொல்லி ஒரு பஸ் அனுப்பச் சொல்லேன்" ம்பா.

"நீ பக்கத்துல நிக்கறதாலதான்டி வரல" ம்பேன்.

(பஸ் ரெண்டு பேர் பேச்சையும் கேக்காது. அது வேற விஷயம்!)

ஆனா லெந்து நாள்ல நான் உபவாசம் இருந்தா, என் எதிர்ல டிபன் பாக்ஸத் திறக்க மாட்டா. வெளிய போய் சாப்பிட்டுட்டு வருவா. நான் சொல்லவே இல்ல. அவளாப் பண்ணது.

இந்த ரோஸ்லின் அக்கா எங்க சர்ச்சுதான். அப்பவே என்னை ஓரமாக் கூப்பிட்டு, "அவகூட கைக்கு சுத்துற? சாமி பயம் இல்லாதவ எதுவும் செய்வா" ம்பாங்க. (கைக்குன்னா எங்க ஹைதராபாத் பாஷைல ஏன்!) அரசி வீட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்க.

அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? அரசியோட வீட்டுக்காரர் சேகர். சனத்நகர்ல இன்ஜினியர். நான் படியேறும்போதே, "வாங்க அல்லேலூயா! இன்னிக்கு யாரை மதம் மாத்தப் போறீங்க?"

ஒவ்வொரு தடவையும்!

அரசி அவரை மொறைப்பா. நான் சிரிச்சு வைப்பேன். வலிக்கும்.

ஆனா அவங்க பொண்ணு கயல்விழிக்காகவே போவேன். அப்போ ஆறு வயசு. நான் தமிழ்ல "பால் குடிக்கிறியாம்மா?"ன்னு கேட்டா, "நக்கோ ஆன்ட்டி!"ன்னு ஹைதராபாத் பாஷைல வேணாம்னுட்டு என் மடியில வந்து உக்காரும்.

அப்புறம் அரசிக்குக் கேன்சர் வந்தது.

ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேகர் மருந்து வாங்கப் போயிருந்தார். பெட்ல எலும்பும் தோலுமாக் கிடந்தா.

"பயமா இருக்கா அரசி?"

"வலிக்குது. பயம்லாம் இல்ல. கயல நெனச்சாதான்..."

முடிக்கல அவ. நான் அழுதுட்டேன்.

"நான் ஜெபம் பண்ணிக்கட்டுமாடி?"

"பண்ணு. உனக்குத் தெம்பு வரும்னா தாராளமாப் பண்ணு. ஆனா என்னையும் சேத்துட்டேன்னு வெளிய போய்ச் சொல்லாத. நான் இப்படியேதான் போவேன்."

சொல்லிட்டு அவளா என் கையப் புடிச்சுக்கிட்டா.

நான் கண்ண மூடி ஜெபிச்சேன். திறந்தப்போ அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

"முடிஞ்சுதா? மூக்கத் தொடை, ஒழுகுது" ன்னா!

அப்பதான் கவனிச்சேன், கதவுகிட்ட ஆரஞ்சுப் பழப் பையோட ரோஸ்லின் அக்கா.

அவங்க பார்த்த கண்ணீர் என்னோடது. ஜெபம் என்னோடது!

அந்த வாரமே அரசி போயிட்டா.

அடுத்த ஞாயிறு சர்ச் காம்பவுண்ட் முழுக்க இதே பேச்சு. நாத்திகக்காரி மனந்திரும்பிட்டாளாம்! ரோஸ்லின் அக்காகிட்ட நேராப் போய்ச் சொன்னேன்: "அக்கா, ஜெபிச்சது நான். அவ இல்ல."

"உன் தாழ்மை ஸ்டெல்லா! ஆனா நான்தான் பார்த்தேனே?"

இந்தப் பேச்சு சேகர் காதுக்குப் போச்சு. எங்க வீட்டு கேட் வரைக்கும் வந்தார். உள்ள வரல.

"சாகக் கிடந்தவளைக் கூட விடலையா நீங்க?"

"இல்ல சேகர், அவ என்ன சொன்னான்னா..."

"போதும்! இதுக்குத்தானே உங்க கூட்டம் ஃபிரண்டு புடிக்குது?"

கயல் அவர் கையப் புடிச்சு நின்னா. என்னைப் பாத்து ஒரு அடி எடுத்து வச்சா. இழுத்துட்டுப் போயிட்டார்.

கொஞ்ச நாள்ல மெட்ராஸ் போயிட்டாங்கன்னு கேள்வி. அப்புறம் நான் அந்தக் குழந்தையப் பாக்கவே இல்ல.

சேகர் மேலயும் எனக்கு இன்னும் கோவம்தான். அத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், பொண்டாட்டி அவ்வளவு சுலபமா மாறிடுவான்னு எப்படி நம்பினார்? என்னைப் பத்தி விடுங்க. அவளப் பத்தி அவ்வளவுதானா தெரியும்?

இன்னிக்கு ரோஸ்லின் அக்கா பதிவுல போட்டேன்: "இது பொய். எடுத்துடுங்க அக்கா."

பதில் வந்தது: "யாருக்கு என்ன நஷ்டம் ஸ்டெல்லா? ஆண்டவர் நாமம்தானே மகிமைப்படுது!" (கை கூப்புற பொம்மை வேற!)

"பொய் சாட்சில எந்த ஆண்டவர் அக்கா மகிமைப்படுவார்? சண்டே ஸ்கூல்ல நீங்கதானே எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க?"ன்னு கேட்டேன்.

என் கமென்ட்ட டெலிட் பண்ணிட்டாங்க!

அதான் இங்க என் பேஜ்ல எழுதறேன். இங்க டெலிட் பண்ண முடியாதுல்ல?

சென்னைல இருக்கற ஃபிரண்ட்ஸ், ஒரு உதவி. கயல்விழி, அப்பா பேரு சேகர், சின்ன வயசுல ஹைதராபாத்ல இருந்தவ. இப்போ நாப்பது தாண்டியிருக்கும். யாருக்காவது தெரிஞ்சா இத அவகிட்டக் காட்டுங்க.

கயல், உங்கம்மா ஜெபம் பண்ணலம்மா. யாருக்கும் பயந்து மாறல. கடைசியா நான் பாத்தப்போ அவ வாயில வந்த பேரு உன் பேருதான்.